பதினேழாம் நம்பர் பாட்டில்

அந்த நாற்காலியில உக்காராதீங்க அண்ணாச்சி, அதுக்கு ஒரு கால் ஆடும். எலும்பு ஆஸ்பத்திரின்னு போர்டு வச்சிருக்காவ, நாற்காலிக்குக் காலு சரி பண்ண ஆளில்ல. இப்படி என் பக்கத்துல வாங்க. இருங்க, கம்ப எடுத்துக்கிடுதேன். ஆங், உக்காருங்க.

யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? மதினியா? முட்டியா? முட்டி எவ்வளவோ தேவலை. எனக்கு இடுப்பு. இடது இடுப்பு. உள்ள ஒரு கம்பி இருக்கு, கம்பி மேல ஒரு குண்டு இருக்கு, குண்டு சுத்துறதுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கு. எல்லாம் இருக்கு, கம்பியச் சுத்தி இருந்த என் எலும்புதான் இல்ல. கரைஞ்சு போயிட்டு. எப்படிப் போச்சுன்னு கேளுங்க. உங்க டோக்கன் என்ன, நாப்பத்தொண்ணா? உள்ள இப்பதான் இருபத்தாறு ஓடுது. நேரம் கெடக்கு.

என் பேரு குற்றாலிங்கம். பாளையங்கோட்டைதான். முப்பத்திநாலு வருஷம் கவர்மெண்டு ஸ்கூல்ல தாவரவியல் வாத்தியார். எந்தச் செடியோட இலைய வேணும்னாலும் என் கையில குடுங்க, கண்ண மூடிக்கிட்டுக் கசக்கி மோந்து பாத்து இன்ன குடும்பம்னு சொல்லிடுவேன். பெருமைக்குச் சொல்லல. எனக்குப் பெருமை பிடிக்காது. ஆனா இந்த ஆஸ்பத்திரியில என்ன, பாட்டில் தூக்கிட்டு வார ஒரு கெழவன்னுதான் நெனைக்காவ, அதுக்காகச் சொல்லுதேன்.

இந்த இடுப்பு ஒடைஞ்சதுக்கு முழுக் காரணம் என் சம்மந்தி. ஆவுடைநாயகம்னு பேரு. அம்பாசமுத்திரம், அதான் அம்பை, அங்க பாத்திரக்கடை. எட்டாங் கிளாஸ். அதுவும் பாஸா பெயிலான்னு நான் கேட்டதில்ல. கேட்டா நல்லாருக்காதுல்லா, பொண்ணக் குடுத்திருக்கோம். என் மக உலகம்மை எம்.எஸ்ஸி. கோல்டு மெடல். மாப்பிள்ளை இஞ்சினியர், தங்கமான பையன், அவருக்கு அறிவு எங்க இருந்து வந்துச்சோ எனக்குத் தெரியாது, அப்பாட்ட இருந்து வரல. அந்த மனுசன் வாய்க்குள்ள எப்பவும் வெத்தலை. என்னைய இன்னைக்கு வரைக்கும் 'சம்மந்தி'ன்னு கூப்பிட்டது கெடையாது. 'சார்'ங்காரு. அது ஒண்ணுதான் அவருகிட்ட நல்ல பழக்கம்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும். தை மாசம். மண்டபத்துல பந்தல், சமையல் எல்லாம் பேசிட்டு வருவோம்னு கெளம்பினோம். கார் வச்சுப் போவோம்னேன். "எதுக்கு சார், நம்ம ஸ்கூட்டர் இருக்கு, ஏறுங்க"ன்னாரு. பாத்திரம் கட்டித் தூக்கிட்டுப் போற ஸ்கூட்டர். ஏறினேன். மண்டபம் இடப்பக்கம் இருக்கு, இவரு நேராப் போறாரு. "இடது, இடது"ங்கேன். காதுல விழல. சரின்னு தோளப் பிடிச்சு இடப்பக்கமா ஒரு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான் அண்ணாச்சி. பின்னால இருக்கவன் தோளப் பிடிச்சா வண்டிய நேரா வச்சுக்கிடத் தெரிய வேண்டாமா? இருபது வருஷமா ஓட்டுதேன்னு சொல்லுத மனுசன்! நான் இந்தப் பக்கம் விழுந்தேன், அவரு அந்தப் பக்கம் விழுந்தாரு. எனக்கு இடது இடுப்பு, அவருக்கு வலது இடுப்பு. ஒரே நாள்ல, ஒரே ஆஸ்பத்திரியில, அடுத்தடுத்த கட்டில்ல ரெண்டு பேருக்கும் கம்பி வச்சாவ.

கல்யாணத்தன்னைக்கு ரெண்டு சம்மந்தியும் ரெண்டு சக்கர நாற்காலியில மேடைக்குக் கீழ கெடக்கோம். வந்தவன் ஒருத்தனும் பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கல. எங்களப் பாத்து வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கான். அவருக்கு என்ன, அவரும் சேந்து சிரிக்காரு. எனக்கு மானம் போகுது.

கல்யாணம் முடிஞ்ச கையோட பரிசோதனைக்கு வந்தோம். அப்பதான் இந்த டாக்டரம்மா வந்தா. பியூலான்னு பேரு. உள்ள இருக்கால்லா, அவதான். முப்பது வயசு இருக்கும். கையில ஒரு பிளாஸ்டிக் இடுப்ப வச்சுக்கிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தா. "ஐயா, நடக்க நடக்க இந்தக் குண்டு கிண்ணத்துல உரசும். உரசினா கண்ணுக்குத் தெரியாத தூள் உதிரும். ஒடம்பு அந்தத் தூளை எதிரின்னு நினைச்சு அதோட சண்டை போடும். அந்தச் சண்டையில கம்பியச் சுத்தி இருக்க எலும்பையும் சேத்துத் தின்னுடும். எலும்பு போனா கம்பி ஆடும். கம்பி ஆடினா மறுபடி ஆபரேஷன், அது மொத ஆபரேஷன விடக் கஷ்டம்." இப்படிச் சொன்னா.

அதுக்கு என்ன மருந்து வச்சிருக்கேன்னு கேட்டேன். "பிரண்டையில இருந்து பிரிச்செடுத்த சத்து"ன்னா.

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. யாருகிட்ட வந்து பிரண்டையப் பத்திச் சொல்லுதா? வேலியில படர்ந்து கெடக்கது. எங்க வீட்டுல வாரம் ஒருக்கா துவையல். ஒடைஞ்ச எலும்புக்குப் பிரண்டையக் கட்டுன்னு எங்க தெருவுல பூக்காரி சொல்லுவா, இத இவ லண்டன் வரைக்கும் போயிப் படிச்சிட்டு வந்து மாத்திரையா அடைச்சுத் தாரா. சரி போகட்டும். "ரெண்டு வருஷம் வீட்டுல பிரண்டை சாப்பிடக் கூடாது, கணக்கு தப்பிடும்"னா. அதையும் ஒத்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் துவையல விட்டேன் அண்ணாச்சி. இந்த நாட்டோட ஆராய்ச்சிக்கு நான் செஞ்சது அது.

இனிமேதான் கூத்து. நாப்பது பேருக்குக் குடுக்காவளாம். இருபது பேருக்கு நெஜ மருந்து, இருபது பேருக்கு வெறும் மாவு. தூள் அடைச்ச கேப்சூல் மாத்திரை, எல்லாம் ஒரே மாதிரி, ஒரே பச்சை. "எனக்கு எது?"ன்னு கேட்டேன். "எனக்கே தெரியாதுய்யா"ங்கா. மருந்து குடுக்கவளுக்கே எது மருந்துன்னு தெரியாது! நம்பர்தான் இருக்குமாம், நம்பருக்கு விளக்கம் எங்கேயோ உறை போட்டு ஒட்டி வச்சிருக்காவளாம், ரெண்டு வருஷம் கழிச்சுப் பிரிப்பாவளாம். என் ஸ்கூல்ல ஒருத்தன் இப்படிப் பாடம் நடத்தியிருந்தா மொத நாளே மெமோ குடுத்திருப்பேன். எனக்குப் பதினேழாம் நம்பர் பாட்டில். சம்மந்திக்குப் பதினெட்டு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நம்ம ஊருல இப்படி நடக்குமா? யாருக்குன்னு தெரியாமக் குடுப்பாவளா? எனக்கு மொத மாசமே சந்தேகம். நான் வார்டுல நர்சுமாரத் தப்பு செஞ்சா தப்புன்னு சொல்லுத ஆளு. சம்மந்தி என்ன செஞ்சாரு, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் குடுத்துட்டுப் போனாரு. மருந்து எடுத்துத் தார கம்பவுண்டருக்கு நாலடுக்கு. எட்டாங் கிளாஸ்னாலும் அந்தப் புத்தி இருக்குல்லா. நாலடுக்குக் கேரியர் வாங்கினவன் மாவு பாட்டிலக் கேரியர் குடுத்தவருக்குக் குடுப்பானா, பாட்டனி வாத்தியாருக்குக் குடுப்பானா?

ஆடி பொறந்துச்சு. தலை ஆடி. பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்க வீட்டுல விருந்து. சம்மந்தியும் சம்மந்தியம்மாவும் வந்தாவ. அன்னைக்குக் காலையில நான் ஒரு சோதனை செஞ்சேன். என் பாட்டில்ல இருந்து ஒரு மாத்திரைய எடுத்துப் பிரிச்சுத் தூளை நாக்குல வச்சேன். பிரண்டைக்கு ஒரு குணம் உண்டு, உங்களுக்குத் தெரியும், சரியா வதக்கலைன்னா நாக்கு நமநமன்னு நமைக்கும். அந்தப் பச்சைத் தண்டுக்குள்ள ஊசி ஊசியா உப்பு இருக்கு, அதான் காரணம். இது எல்லாருக்கும் தெரியாது, பாட்டனி படிச்சவனுக்குத் தெரியும். என் மாத்திரை நமைச்சுதா? சுத்தம். ஒண்ணுமே இல்ல. கோலமாவு கணக்கா இருக்கு. ஆகா, ஏமாத்திட்டாவளேன்னு வயிறு எரிஞ்சுது.

மத்தியானம் விருந்து. எங்க வீட்டுக்காரி பிரமு கருணைக்கிழங்கு மசியல் வச்சிருந்தா. கிழங்கு நான் வாங்கினது. "புதுக் கிழங்கால்லா இருக்கு, நமைக்குமே"ன்னா. கிழங்கப் பத்தி எனக்குச் சொல்லுதியான்னு கேட்டேன், அப்படியே அடுப்புல ஏத்திட்டா. சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வாயில நமச்சல். மாப்பிள்ளை மோரா ஊத்திக் குடிக்காரு. சம்மந்தியம்மா புளியங்கொட்டையளவு புளிய வாயில அடக்கிக்கிட்டா. சம்மந்தி மட்டும், "மசியல் பிரமாதம் தங்கச்சி, இன்னுங் கொஞ்சம் போடு"ங்காரு. நாக்குல ருசி தெரியாத ஜென்மம். எனக்குப் பொண்டாட்டி மேல வந்த கோவத்தச் சம்மந்தி முன்னால காட்ட முடியல.

சாப்பிட்டு எல்லாரும் முன் ரூம்ல கெடக்காவ. சம்மந்தியோட பை உள் ரூம்ல பீரோகிட்ட இருக்கு. மத்தியான மாத்திரைக்குப் பாட்டிலக் கொண்டு வந்திருந்தாரு. நான் போயி எடுத்தேன். பதினெட்டு. ஒரு மாத்திரையப் பிரிச்சு நாக்குல வச்சேன். அடேயப்பா! நாக்கு முழுக்க நமநமங்குது. தொண்டை வரைக்கும் நமைக்கு. பாத்தீங்களா, பிரண்டை! கேரியர் வேலை செஞ்சிருக்கு!

என்ன அண்ணாச்சி சிரிக்கீங்க? இருங்க, அதுக்கு வாரேன்.

அந்த எடத்துலயே ரெண்டு பாட்டிலையும் பேப்பர்ல கொட்டி மாத்திப் போட்டேன். அவரு மாத்திரை என் பாட்டிலுக்கு, என் மாத்திரை அவரு பாட்டிலுக்கு. திருட்டுன்னு சொல்லாதீங்க. எனக்கு வர வேண்டியத நான் எடுத்துக்கிட்டேன். கேரியர் குடுத்து வாங்கினவருக்கு மாவு போதும். அதுக்குப் பொறவு ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் புதுப் பாட்டில் வரும். "நீங்க எதுக்கு அம்பையில இருந்து அலையணும் சம்மந்தி, நான் இங்கதான இருக்கேன், ரெண்டையும் வாங்கிப் பஸ்ல குடுத்து அனுப்புதேன்"னேன். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்"னாரு. "இதுல என்ன சிரமம்"னேன். வாங்குவேன், வீட்டுக்கு வந்து மாத்துவேன், அனுப்புவேன். ஒரு தடவ கூடத் தவறினதில்ல. நான் செய்யுத வேலையில ஒழுங்கு இருக்கும்.

மாத்தின மறு வாரத்துல இருந்து எனக்கு ஒடம்பு எப்படி இருந்துச்சுங்கீங்க! மைதானத்த மூணு சுத்துச் சுத்துதேன். கம்ப வீட்டுலயே வச்சிட்டுப் போயிடுவேன். பிரமுகிட்ட சொன்னேன், பாத்தியாடி, செடியோட மகிமைன்னு. ஒரு வருஷம் அப்படிப் போச்சு. பொறவு மெதுவா தொடையில ஒரு வலி. உக்காந்து எந்திரிச்சா சுருக்குங்கும். வயசுன்னு நெனச்சேன். பொறவு ரெண்டு சுத்து. பொறவு ஒண்ணு. பொறவு கம்பு. அங்கன அம்பையில அந்த மனுசன் கடையில ஏணி போட்டு ஏறி அண்டா எடுக்காராம். உலகம்மை போன்ல சொல்லுதா, "மாமா பேரப்புள்ளையத் தோளுல தூக்கிட்டு ஆத்துக்குப் போறாவ அப்பா"ன்னு. எனக்கு அந்தப் பயல மடியில வச்சுக்கிடக்கூட முடியல, இடுப்புல இடிக்கு. முரட்டு ஒடம்பு அவருக்கு, யானைக்கு மாவு போட்டாலும் மருந்து போட்டாலும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

போன வாரம் ரெண்டு வருஷம் முடிஞ்சுது. உறையப் பிரிச்சாச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லி டாக்டரம்மா ஆளு விட்டா. உள்ள போனோம். கம்ப்யூட்டர்ல ரெண்டு படம் வச்சிருந்தா. ஒண்ணுல கம்பியச் சுத்தி எலும்பு கெட்டியா வெள்ளையா இருக்கு. இன்னொண்ணுல கம்பியச் சுத்திக் கருப்பா ஓடுது, எலி தின்ன மாதிரி. அது என்னோடது. டாக்டரம்மா சொல்லுதா, "மருந்து சாப்பிட்ட இருபது பேருல பத்தொம்பது பேருக்கு எலும்பு நின்னிருக்கு. ஒருத்தருக்கு மட்டும் மோசமாப் போயிருக்கு, அது நீங்க. மாவு சாப்பிட்டதுல எல்லாருக்கும் கொறைஞ்சிருக்கு, ஒருத்தருக்கு மட்டும் நின்னிருக்கு, அது இவங்க."

அப்ப பதினேழுதான் மருந்து. என் பாட்டில்தான் மருந்து.

ஆனாலும் விடல நான். "பிரண்டைன்னா நமைக்கணுமேம்மா"ன்னேன். சும்மா ஒரு பாடச் சந்தேகம் கேக்குத மாதிரிக் கேட்டேன். "நமைக்கது மொத வடிகட்டுலயே போயிடும்யா. சுத்தம் பண்ணின சத்து கோலமாவு மாதிரி இருக்கும், ருசியே இருக்காது"ன்னா. அப்பதான் எனக்கு அந்த ஆடி மத்தியானம் ஞாபகம் வந்துச்சு. நாக்குல நமைச்சது மாத்திரை இல்ல, மசியல். கருணைக்கிழங்கு. பிரமு இன்னும் ரெண்டு கொதி விட்டு, கூடக் கொஞ்சம் புளி ஊத்தியிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா? ஒரு கிழங்க வேக வைக்கத் தெரியாதவளக் கட்டிக்கிட்டு என் இடுப்பு போச்சு. அன்னைக்கு ராவே வீட்டுல சொன்னேன், "உன்னாலதான்"னு. என்ன ஏதுன்னு தெரியாம முழிக்கா.

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கா. "அடுத்தடுத்த நம்பர். சம்மந்திங்க வேற. பாட்டில் மாறிச்சா?"ன்னா. கோட்டிக்காரி இல்ல அவ, புத்தி உள்ளவ. நான் குனிஞ்சு கம்பத் தடவிக்கிட்டு இருந்தேன். அப்ப இந்த மனுசன் எந்திரிச்சு நின்னு, "நான்தாம்மா மாத்திட்டேன். கண்ணாடி போடாம, சாருக்குள்ளத நான் எடுத்துக்கிட்டு எனக்குள்ளத அவுகளுக்குக் குடுத்துட்டேன்"ங்காரு.

பொய் சொல்லுததுக்கும் ஒரு தெறமை வேணும்லா. பாட்டில வாங்கினது நான், ரிஜிஸ்தர்ல எல்லாத் தடவையும் என் கையெழுத்து இருக்கு. "ஆறு தடவையுமா கண்ணாடி போடல?"ன்னு கேக்கா அவ. "ஆமாம்மா, எனக்குக் கண்ணாடியே பிடிக்காது"ங்காரு. கண்ணாடி மூக்குல இருக்கு!

அவ ரிஜிஸ்தர மூடி வச்சா. பொறவு சொன்னா: "யாரு மாத்தினதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மாத்தினவருக்கு இனிமே இந்த மருந்து குடுக்க ஆராய்ச்சிக் கமிட்டி ஒத்துக்காது. கடையிலயும் கெடைக்காது. இன்னொருத்தருக்குத் தொடர்ந்து குடுப்போம்." என்னப் பாத்துச் சொன்னா: "உங்க எலும்பு இன்னும் முழுசாப் போகல. இப்ப நெஜ மருந்து ஆரம்பிச்சா ஆபரேஷன் இல்லாமக் காப்பாத்தப் பாக்கலாம். இல்லன்னா ஆறு மாசத்துல கம்பியப் பிடுங்கி வேற வைக்கணும். எழுபத்தொரு வயசுல அது சுலபம் இல்ல. ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க."

வெளிய வந்தோம். எதுத்தாப்புல டீக்கடை. எனக்கு அவரு மூஞ்சியப் பாக்க முடியல. கோவமா வந்துச்சு. "உம்ம யாருவே பேசச் சொன்னது?"ன்னு கேட்டுட்டேன். சம்மந்திய 'வே' போட்டு நான் பேசினதே இல்ல. அவரு டீய ஆத்திக்கிட்டே சொல்லுதாரு, "ஆடி விருந்தன்னைக்கே நான் பாத்தேன் சார். பீரோக் கண்ணாடியில தெரிஞ்சுது. நீங்க பேப்பர்ல கொட்டி மாத்துனத."

என் வீட்டுப் பீரோ. அதுல கண்ணாடி இருக்கது எனக்கே ஞாபகம் இல்ல.

"பொறவு ஏன் ஒண்ணும் கேக்கல?"ன்னேன். "நீங்க செடி கொடி படிச்சவுக. நீங்க தேடி எடுத்தா அதுதான் நெஜ மருந்தா இருக்கும்னு நெனச்சேன். உங்களுக்கு அது வேணும்னா எடுத்துக்கிடுங்கன்னு விட்டுட்டேன். அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்தான? உங்களக் கீழ போட்டது நான்தான? உலகம்மை எங்க வீட்டுக்கு வந்த புதுசுல உங்க கால நெனச்சுத் தெனமும் அழுவா சார்." இப்படிச் சொல்லுதாரு. "மாவுன்னு தெரிஞ்சும் எதுக்கு ஒரு வேளை விடாம முழுங்கினீரு?"ன்னு கேட்டேன். "முழுங்காம விட்டா டாக்டரம்மா மாத்திரைய எண்ணிப் பாத்துக் கேப்பா. நான் ஏதாவது ஒளறிடுவேன். உங்க பேரு வெளிய வந்துடும்லா"ங்காரு.

இருபது மாசம் அண்ணாச்சி. ஒரு மனுசன் வெறும் மாவுன்னு நெனச்சுக்கிட்டு, தன் எலும்பு கரைஞ்சாலும் பரவாயில்லன்னு, எனக்காகத் தெனமும் மூணு வேளை முழுங்கியிருக்காரு. அது மருந்தாப் போச்சு, அது வேற. அவருக்குத் தெரியாதுல்லா. இத நெனச்சா எனக்கு எரிச்சலா வருது. இப்படி ஒரு முட்டாள் உலகத்துல உண்டா? திருடன்னு பிடிச்சிருக்கலாம். சண்ட போட்டிருக்கலாம். என் மககிட்ட ஒரு வார்த்த சொல்லிக் காட்டியிருக்கலாம். ஒண்ணுஞ் செய்யல. இந்த ஒரு வாரமா நான் தூங்கல. வெக்கமா இருக்கு அண்ணாச்சி. சொல்லிட்டேன், போங்க. வெக்கமா இருக்கு.

இன்னைக்கு அவரு எழுதிக் குடுக்க வாராரு. குடுத்துட்டா எனக்கு மருந்து, கத்தி இல்ல. அவருக்கு மருந்து நின்னுடும், அவரு எலும்பு கரைய ஆரம்பிச்சிடும். ஏணியெல்லாம் எத்தன நாளைக்கு ஏற முடியும்? அவரு வாய்ல இருந்து வந்த பொய்யி, நான் என்ன பண்ண முடியும்னு காலையில குளிக்கும்போது நெனச்சேன். பஸ்ல வரும்போதும் அதையேதான் நெனச்சேன். இப்ப உங்ககிட்டச் சொல்லச் சொல்ல, சவம், அது என் காதுக்கே நல்லா இல்ல.

அந்தா வாராரு பாருங்க. படியில. கைப்பிடியத் தொடாம வாராரு. வெள்ளை வேட்டி, அதுல வெத்தலைக் கறை. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாரு.

வாங்க சம்மந்தி. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இவுக அண்ணாச்சி, மதினிக்கு முட்டி பாக்க வந்திருக்காவ. கையில என்ன? எழுதியே கொண்டு வந்துட்டீங்களா? குடுங்க பாப்போம். குடுங்கன்னா.

"மரியாதைக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, நான் கண் சரியாகத் தெரியாத காரணத்தால் பாட்டில்களை மாற்றிவிட்டேன். என் சம்மந்தி குற்றாலிங்கம் சார் ஒன்றும் அறியாதவர்."

ஒன்றும் அறியாதவர். ஏன் சம்மந்தி, இத எவன் நம்புவான்? கோர்வையா நாலு வரி எழுத வரல, எந்தத் தேதின்னு இல்ல, எத்தன தடவைன்னு இல்ல. எட்டாங் கிளாஸ்ல லீவு லெட்டர் எழுதின கையி இன்னும் அப்படியே இருக்கு. இத உள்ள கொண்டு போனா நம்ம ரெண்டு குடும்பத்துக்கும்தான் அசிங்கம். அந்தப் பேனாவ இங்கன தாங்க. தாங்கங்கேன்லா, கையப் பிடிச்சு இழுக்காதீங்க, எல்லாரும் பாக்காவ.

நான் எழுதுதேன். ஆடி ஒண்ணாம் தேதி, என் வீட்டு உள் ரூம்ல, பீரோவுக்கு முன்னால, நான்தான் மாத்தினேன். அதுக்குப் பொறவு ஆறு தடவ மாத்தினேன். என் கையெழுத்துல எழுதினாத்தான் அந்தப் பொம்பள நம்புவா, ரிஜிஸ்தரோட ஒத்துப் பாப்பால்லா. நீங்க சும்மா இருங்க. ஆபரேஷன் தான? அறுத்துட்டுப் போறாவ. எனக்குப் பயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. அதுக்கு உங்க எலும்ப நான் வாங்க முடியுமா? கண்ணத் தொடைங்க மொதல்ல. ஆஸ்பத்திரியில வந்து ஒப்பாரி வைக்காதீங்க. ஏணியில ஏறுத ஆளு மாதிரியா இருக்கீங்க?

அண்ணாச்சி, எங்க எந்திரிக்கீங்க? உங்க நம்பருக்கு இன்னும் நேரம் கெடக்கு. இதுக்குச் சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். முழுசாக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்க பேரையும் தகப்பனார் பேரையும் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.